ஒன்றரை அங்குலம்

தாட்சாயிணி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் கணவன் குணசேகரன் அந்த ஏழு மாதமும் ஒருநாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போகவில்லை. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பிட்டர் வேலை. சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்பே தன் பெஞ்சின் முன்னால் நிற்பான். சட்டை துவைத்ததாக இருக்கும், முகம் மழித்ததாக இருக்கும். ஆள் தேறிவிட்டான் என்று உடன் வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

தேறவில்லை என்பது பால் ஊற்றும் குப்பம்மாவுக்கு மட்டும் தெரியும். காலையில் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினால் அவன் பாத்திரத்தை நீட்டுவான். அதில் முந்தின நாள் பால் அப்படியே திரிந்து கிடக்கும். குப்பம்மா அதைக் குழாயடியில் கொட்டிக் கழுவி, புதுப் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு லிட்டர் வாங்கிய வீட்டுக்கு அவளாகவே கால் லிட்டராகக் குறைத்துவிட்டாள். அதுகூட அவன் கவனத்தில் பதியவில்லை. அழுகிறவனுக்கு ஆறுதல் சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். அழாதவனிடம் போய் என்ன சொல்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. குப்பம்மாவுக்கும் தெரியாது. பாத்திரத்தைக் கழுவித் தருவதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசி பிறந்த வாரத்தில் அவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வெயில் ஏறியபின் வந்து, தாமதத்துக்குக் காரணம் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி வயலில் ஆணியை மிதித்துவிட்டார். சர்க்கரை உள்ள உடம்பு. வலது குதிகாலில் புண் உள்ளே போய்விட்டது. ஒன்றுவிட்டு ஒருநாள் பூந்தமல்லிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும், புண் மூடும்வரை ஒரு கட்டும் தவறக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, தவறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தங்கப் படுக்கை கிடைக்கவில்லை. அவர்கள் வீடு கோவில்பதாகை ஏரிக்கு அந்தப் பக்கம், வயல் நடுவே இருந்தது. மழை பிடித்துவிட்டால் ஏரிக்கரை ஒன்றுதான் வழி. அந்தக் கரைமேல் எந்த ஆட்டோவும் வராது. மாட்டு வண்டியைப் போன வருஷம்தான் விற்றிருந்தார்கள்.

அவள் உதவி எதுவும் கேட்கவில்லை. பால் ஏன் தாமதம் என்று சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அவள் தோளுக்குப் பின்னால், குவார்ட்டர்ஸ் சுவரோரம், தார்ப்பாய் போர்த்திய ஜீப் நின்றிருந்தது. குணசேகரன் அதைப் பார்த்தான்.

"நான் கூட்டிட்டுப் போறேன்க்கா," என்றான்.

இரக்கத்தால் சொல்லவில்லை. வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசுவதைவிட அது சுலபமாகத் தோன்றியது. நல்ல காரியத்துக்கு நல்ல மனநிலை வரும்வரை இறைவன் காத்திருப்பதில்லை போலும். அகப்பட்ட ஆளின் கையைப் பிடித்து வேலையைத் தொடங்கிவிடுகிறான்.

அந்த ஜீப் அறுபதுகளில் ராணுவத்துக்குச் செய்தது. கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலம் விட்டபோது, பட்டாபிராமிலிருந்து வேலைக்கு வரும் கூட்டாளி கஜபதியோடு போய் எடுத்தது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் ஒன்றாக இழுவை கொடுக்க ஒரு தனி நெம்பு உண்டு. இன்ஜினைக் குணசேகரன் தன் கையாலேயே பிரித்துப் பூட்டியிருந்தான். தாட்சாயிணி நோயில் படுத்தபிறகு யாரும் அதைத் தொடவில்லை. அன்று சாயங்காலம் தார்ப்பாயை இழுத்தபோது இன்ஜின் மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. டயர்கள்தான் வெடித்துப் போயிருந்தன. ஒரே இடத்தில் நின்ற பாரத்தில் ரப்பர் பிளந்து உள்ளே நூல் தெரிந்தது.

டயர் என்றதும் கஜபதி மார்தட்டினான். மழை பிடிக்காததால் அதற்குள் வந்த கட்டு நாட்களுக்கு ஆட்டோவே வயல் வழியே வந்துபோனது. நான்கே நாளில் பழைய ராணுவச் சாமான் விற்கும் ஒருவனைப் பிடித்து, பெரிய லாரிக்குப் போடும் டயர் நான்கைக் கொண்டுவந்துவிட்டான். விரலளவு ஆழத்துக்குப் பல் பல்லாக இருந்தது. பழைய டயரில் ஆறு – பதினாறு என்று எழுதியிருந்தது. அதாவது டயரின் அகலம் ஆறு அங்குலம், உள்ளே உட்காரும் வட்டு பதினாறு அங்குலம். கஜபதி கொண்டுவந்தது ஏழரை – பதினாறு. வட்டு ஒரே அளவு என்பதால் தடையில்லாமல் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டால் போதும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அது டாங்கித் தொழிற்சாலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அங்கே பத்து வருஷம் வேலை செய்தவனுக்கு, தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவும் லாபம். பள்ளம் எவ்வளவு, மேடு எவ்வளவு, எத்தனை அடி தண்ணீரில் இறங்கும் என்றுதான் கணக்குப் போடுவான். ஏறி உட்காருகிறவனைப் பற்றி யோசிக்க மாட்டான். அவர்கள் செய்கிற வண்டியில் ஏறுகிறவன் இருபது வயதுச் சிப்பாய். ஒரே தாவில் மேலே போய்விடுவான்.

"பாத்தியா மச்சான், இப்பதான் வண்டி ஆம்பள மாதிரி நிக்குது," என்றான் கஜபதி. "ஏரிக்குள்ளயே எறக்கலாம்."

முதல் நாள் ஏரிக்கரை வழியே போய்க் கலியமூர்த்தியின் வீட்டு முன்னால் நிறுத்தினார்கள். குப்பம்மா நான்கு எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்தாள். டயர் எண் என்னவென்று கலியமூர்த்தி கேட்டார். கஜபதி பெருமையாகச் சொன்னான்.

"ஏழரையா?" என்றார் கலியமூர்த்தி. "கால்ல ஒண்ணு புட்சிகினு கீறது போதாதுன்னு நாலு வாங்கியாந்து மாட்டிகினு கீறியா நைனா?"

கஜபதி சிரித்தான். குணசேகரனும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து உதட்டை அசைத்தான்.

கலியமூர்த்தி கனத்த உடம்புக்காரர். யாராவது தூக்கினால் கூசுகிறவர். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலை உள்ளே வைத்துவிட்டார். வலது காலைத் தூக்கினார். அது வண்டியின் விளிம்பைத் தாண்டவில்லை. முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். முந்தின இரவு பெய்த தூறலில் ஊறிய மண்ணில் முக்காலியின் ஒரு கால் புதைந்து சாய்ந்தது. அந்தச் சாய்வில் குதிகால் இரும்பு விளிம்பில் மோதியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வெள்ளைக் கட்டின்மேல் சிவப்பு மெல்ல விரிந்தது.

இருவருமாக அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மதகு அருகே கரை திரும்பும் இடத்தில், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோது டயர் பக்கத் தகட்டில் உரசி நின்றது. கீழே இருபுறமும் சரிவு. மூன்று முறை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை இப்படி அடிபட்டால் காலைக் காப்பாற்றுவதாக என்னால் சொல்ல முடியாது என்றார். யாரையும் திட்டவில்லை. அது திட்டுவதைவிடக் கனமாக இருந்தது.

குணசேகரன் தட்டில் கிடந்த பழைய கட்டைப் பார்த்தான். தன் வண்டியால் வந்த ரத்தம் என்று தெரிந்தது. மனத்துக்குள் ஒன்றும் அசையவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் அவன் கை சட்டைப் பையில் இருந்த அளவு நாடாவைத் தேடியது.

கலியமூர்த்தியைச் சுவரைப் பிடித்து நிற்கச் சொன்னான். வலது காலை வலியில்லாமல் எவ்வளவு உயரம் தூக்க முடியும் என்று கேட்டான். அவர் தூக்கினார். குதிகாலுக்கு நேராகச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டான். மூன்று முறை தூக்கச் சொன்னான். மூன்றிலும் குறைந்ததை வைத்துக்கொண்டான். பிறகு வண்டியின் விளிம்பை அளந்தான். வண்டி ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக இருந்தது. வெடித்துக் கிடந்த பழைய டயரையும் புதிதையும் வீட்டுக்குப் போய் அருகருகே நிறுத்தி அளந்தான். நடுமையத்தின் உயரத்தில் வித்தியாசம் ஒன்றரை அங்குலம். ஆறு – பதினாறு போட்டால் கால் அங்குலம் மிச்சம் வைத்து அந்தக் கால் உள்ளே போகும்.

ஒரு மனிதனின் காலுக்கும் காலில்லாமைக்கும் நடுவே அந்தக் கால் அங்குலம் நின்றது.

டயர்களைக் கழற்ற வேண்டும் என்று மறுநாள் சொன்னபோது கஜபதியின் முகம் சுருங்கியது. எத்தனை பேர் காலில் விழுந்து வாங்கினேன் தெரியுமா என்று கேட்டான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் பேசவில்லை. சாயங்காலம் குணசேகரன் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது ஜீப் நான்கு மரக்கட்டைமேல் நின்றிருந்தது. சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, கஜபதி போயிருந்தான். நட்டுகளைக் கழுவி எண்ணெய் போட்டு ஒரு டப்பாவில் வைத்திருந்தான்.

இடையில் வந்த கட்டு நாளுக்கு மழை இல்லை. குப்பம்மா ஒரு ஆட்டோக்காரரைக் கெஞ்சி வயல் வழியே வரவைத்துவிட்டாள். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அடுத்த முறை கூப்பிட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

குணசேகரன் பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போனான். டிரங்க் ரோட்டில் மூன்று டயர் கடைகள் ஏறி இறங்கினான். எல்லாரும் என்ன வண்டி என்றுதான் கேட்டார்கள். ஒரு கடையில் ஆறு – பதினாறு இருக்கிறது என்று எடுத்துப் போட்டார்கள். அளவு சரி. நீள நீளமாக மூன்று கோடு மட்டும் ஓடியது. அவனுக்கு அது ஏதோ போலிருந்ததால் வாங்காமல் வந்தான். நான்காவது கடை சண்முகசுந்தரம் என்பவருடையது. நெற்றியில் பட்டையாக விபூதி. அவர் வண்டியைக் கேட்பதற்கு முன்னால், எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டார்.

ஏரிக்கரை, களிமண், யாரை ஏற்றப்போகிறோம் என்பது வரை குணசேகரன் அளவுகளைச் சொல்வதுபோலச் சொன்னான். சண்முகசுந்தரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். மூன்று கோடு போட்டது டிராக்டரின் முன் சக்கரத்துக்கு உள்ளது, அளவு ஒன்றானாலும் சேற்றில் இழுக்காது, வழுக்கும் என்றார். அகல டயர் களிமண்ணின் மேலேயே மிதக்கும். ஒல்லி டயர் மேல் சேற்றை அறுத்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் போய்ப் பிடிக்கும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னது ஒரு சுற்றும் பின்னது ஒரு சுற்றும் வெவ்வேறு தூரம் போனால், நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்த நேரத்தில் உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நெம்பு விடாது. கரைமேல் அப்படி ஆனால் யாரும் வந்து காப்பாற்ற முடியாது.

"நாலு இருக்கு," என்று முடித்தார். "ஆனா அது வேற ஒருத்தருக்கு வரவழைச்சது. பாரிவாக்கம் லட்சுமணன்னு. காய்கறி ஏத்துற வண்டி. நாளைக்கு வந்து எடுத்துக்குவார். அடுத்தது வர ஒரு மாசம் ஆகும்."

குணசேகரன் எழுந்தான். சண்முகசுந்தரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தாளில் பாரிவாக்கத்துக்கு வழி எழுதிக் கொடுத்தார். கேட்டுப் பாருங்கள், நான் அனுப்பினேன் என்று சொல்லுங்கள் என்றார். விற்ற சரக்கை இன்னொருவருக்காகக் கேட்கச் சொல்லுவது வியாபாரிக்கு அழகல்ல. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

லட்சுமணன் கத்தரித் தோட்டத்தில் கால்வாயை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். குணசேகரன் வரப்பில் நின்று நான்கு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். கெஞ்சுகிற குரல் அவனுக்கு வரவில்லை. வராததால் காரியம் கெட்டுவிடும் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. லட்சுமணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கால்?"

"வலது."

"வயசு?"

"அறுபது இருக்கும்."

லட்சுமணன் தலையைத் திருப்பி வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்திருந்தது.

"எடுத்துக்கினு போ," என்றார். "நான் பழசுலயே ஓட்டிக்கினு கீறேன். அடுத்தது வந்தா எனக்குன்னு சொல்லிடு."

குணசேகரன் நன்றி சொல்ல வாயெடுத்தபோது அவர் குனிந்து மண்ணை வெட்டத் தொடங்கியிருந்தார். அவன் பெயரையோ கலியமூர்த்தியின் பெயரையோ அவர் கேட்கவில்லை. இந்த உலகம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இப்படிப் பெயர் கேட்காதவர்கள்தான் காரணம். குணசேகரன் அன்று அப்படி எதுவும் நினைக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் யோசித்தான்.

அன்று மாலையே கஜபதி வந்து நான்கு சக்கரங்களையும் மாட்டிக் கொடுத்தான். பழையபடி பேசத் தொடங்கியிருந்தான். வண்டி குட்டையாகி, பால்காரன் சைக்கிள் மாதிரி ஆகிவிட்டது என்றான். மறுநாள் விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டது.

ஏரிக்கரை முழுவதும் குழைந்து கிடந்தது. சக்கரம் முதலில் ஒரு விரல் ஆழம் வழுக்கி, பிறகு அடியில் எதையோ கவ்வி நகர்ந்தது. மதகுத் திருப்பத்தில் ஒரே ஒடிப்பில் வண்டி திரும்பியது. கலியமூர்த்தி பாலித்தீன் உறை கட்டிய காலோடு வாசலில் காத்திருந்தார். இடது கால் உள்ளே போயிற்று. வலது காலைத் தூக்கினார். குப்பம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குதிகால் விளிம்புக்கு மேலே, உரசாமல், மெதுவாகக் கடந்து உள்ளே இறங்கியது.

"பூட்ச்சி," என்றார் கலியமூர்த்தி.

குணசேகரன் தலையசைத்துவிட்டுக் கியரைப் போட்டான்.

அப்படிப் பன்னிரண்டு முறை போனார்கள். அவன் மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். காலை ஆறரைக்கு அவர் வீட்டு முன்னால் ஹாரன் ஒருமுறை. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. கட்டு மாற்றும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பான். வழியில் கலியமூர்த்தி எருமைகளைப் பற்றிப் பேசுவார். எது சினை, எது உதைக்கும், எது மழைக்குப் பயந்து பால் விடாது. குணசேகரன் பதில் சொல்லமாட்டான். அவர் பதில் எதிர்பார்க்கவும் இல்லை. திரும்பும்போது குப்பம்மா ஒரு தூக்குவாளியில் கஞ்சியைப் பின் சீட்டில் வைத்துவிடுவாள். முதல் வாரம் அவன் அதைத் தொடவில்லை. இரண்டாம் வாரம், கொட்டினால் பாத்திரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று குடித்தான். உப்புப் போட்டிருக்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

கார்த்திகை பாதியில், பன்னிரண்டாவது முறை, டாக்டரம்மா அவனையும் உள்ளே கூப்பிட்டார். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது. இனிமேல் கட்டு வேண்டாம், செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, ஒரு மாதம் கழித்துக் காட்டினால் போதும் என்றார். கலியமூர்த்தி தன் காலையே முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இறங்கியதும் குப்பம்மா குணசேகரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகை நிற்கும்வரை அவன் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றான். அவள் கை சூடாக இருந்தது.

அடுத்த நாள் கழிந்தது. அதற்கு அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு விழித்துக் குளித்து, சட்டை மாற்றி, ஜீப்பை எடுத்தான். மழை விட்டிருந்தது. ஏரிக்கரை வழியே போய்க் கலியமூர்த்தியின் வீட்டு முன்னால் நிறுத்தி ஹாரனை ஒருமுறை அழுத்தினான்.

அழுத்திய பிறகுதான் தெரிந்தது. இன்று போவதற்கு இடம் இல்லை.

எருமைக்கடியில் உட்கார்ந்திருந்த குப்பம்மா சொம்போடு எழுந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சொம்பைத் திண்ணையில் வைத்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். மறந்து வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம். திரும்பிப் போய் என்ன செய்வது என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் என்று அவனுக்கு ஒரு கிழமை உண்டாகியிருந்தது. அது முடிந்துபோயிருந்தது.

கலியமூர்த்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, யார் தோளையும் பிடிக்காமல் வந்து, இடது காலையும் வலது காலையும் வைத்து ஏறி உட்கார்ந்தார்.

"போலாம் நைனா."

"எங்க?"

"எப்பவும் போற எடத்துக்குத்தான். அந்த ஆஸ்பத்திரி வாசல்ல டீ நல்லா போடுறான். பன்னெண்டு தபா போயும் நான் ஒருக்கா குடிக்கல."

குப்பம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வரும்போது தவிடு வாங்கி வரச் சொன்னாள். தவிடு வீட்டில் இரண்டு மூட்டை இருந்தது.

வண்டி கரைமேல் ஏறியது. ஏரி நிரம்பி, தண்ணீர் அசையாமல் கிடந்தது. கலியமூர்த்தி அன்று எருமைகளைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனபின், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஊட்டுக்காரம்மாவுக்கு இன்னா வந்துச்சுன்னு குப்பம்மா சொன்னா. எனக்குச் சரியா புரியல. மொதல்ல எப்பிடி ஆரம்பிச்சுது?"

இத்தனை மாதத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லாரும் முடிவைத்தான் கேட்டார்கள். குணசேகரன் கியரை இரண்டாவதுக்கு இறக்கினான். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது.

"தை மாசம்," என்றான். "இடுப்பு வலிக்குதுன்னா."

பிறகு, ஒவ்வொன்றாக, சொல்லிக்கொண்டே ஓட்டினான்.